வேலை முடிந்த நேரம், லிஃப்ட் விட்ட நேரம்

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. லிஃப்ட் மெக்கானிக்கின் பெயர் யாருக்கு வேண்டும்? லிஃப்ட் ஓடுகிற வரைக்கும் அப்படி ஒரு பிறவி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோனால் மட்டும், "எங்கய்யா போனான் அந்த ஆளு?" என்று மொத்தக் கட்டடமும் சேர்ந்து தேடும். அவர் பொறுப்பில் நாற்பது கட்டடங்கள் இருந்தன. நாற்பதிலும் அவருக்கு இருந்த ஒரே பெயர் 'பத்து நிமிஷம்'. எந்த மாடியில் யார் கதவைத் தட்டி "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டாலும் உள்ளேயிருந்து வருகிற பதில் அதுதான். வேலையை அப்போதுதான் தொட்டிருந்தாலும் பத்து நிமிஷம், முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாலும் பத்து நிமிஷம். அந்த மனுஷனின் கடிகாரத்தில் வேறு எண்ணே கிடையாது என்று காவலாளிகள் கேலி பேசுவார்கள்.

அவரும் கேட்டுச் சிரிப்பார். அது யோசித்துப் பிடித்த எண்தான். ஐந்து என்றால் ஜனங்கள் அங்கேயே நின்று கதவை இடித்துக்கொண்டிருப்பார்கள். அரை மணி என்றால் சண்டைக்கு வருவார்கள். பத்து என்றால் முணுமுணுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். முப்பது வருஷத் தொழிலில் மனித சுபாவத்தைப் பற்றி அவர் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் மாதம் ஒரு சர்வீஸ். முதலில் மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில் மோட்டார், பிரேக், கம்பிவடம் ஓடுகிற பெரிய சக்கரம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு முக்கோணச் சாவியால் மாடிக் கதவைத் திறந்து, லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களையும் துடைத்து எண்ணெய் விட வேண்டும். இருட்டு, தூசி, கிரீஸ் வாடை. இதையெல்லாம் முடித்த பிறகு அவர் செய்கிற ஒரு காரியம் கம்பெனியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. கூரை மேலிருக்கிற சிவப்பு ஸ்விட்சை அழுத்துவார். பெட்டி அசையாமல் நிற்கும். கருவிப் பையைப் போட்டு அதன் மேல் உட்காருவார். ஒரு கையைக் கம்பிவடத்தின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கடவுளோடு பேசுவார்.

இரண்டு நிமிஷம்தான். மனப்பாடமாக ஒரு வரி கிடையாது. அன்றைக்கு நடந்ததைச் சொல்வார், கேட்க வேண்டியதைக் கேட்பார், சில நாள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் வந்ததில்லை. ஊரில் பக்திமான்கள் என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த நிச்சயம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

லிஃப்ட் கூரைக்கு அவர் போய்ச் சேர்ந்ததற்கும் ஒரு லிஃப்ட்தான் காரணம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் மற்றவர்களைப் போலப் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான். கூடம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்குப் பூட்டும் உண்டு. சாவி அலுவலகத்தில் இருக்கும். கூடத்துத் தலைவர் வரும்போதும் பெரிய மனிதர்கள் வரும்போதும் மட்டும் திறப்பார்கள். அந்த லிஃப்டுக்கு மாதாமாதம் எண்ணெய் விட்டு வந்தவர் இவர். இவருடைய அம்மா, முழங்கால் இரண்டும் வீங்கி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் இவர் தலைவரிடம் போய், முடியாதவர்களுக்காவது லிஃப்டைத் திறந்துவிடலாமே என்று கேட்டார்.

"படி ஏறி வர்றதும் பக்திதான் தம்பி," என்றார் தலைவர், லிஃப்டுக்குள் நின்றுகொண்டே.

அன்றோடு இவர் நின்றார். வேடிக்கை என்னவென்றால் அம்மா நிற்கவில்லை. கடைசி வரைக்கும் படி ஏறினார், மகன் கெட்டுப்போனான் என்று அங்கே அழுது வேண்டிக்கொண்டும் வந்தார். இவர் கடவுளை விடவில்லை, நடுவிலிருந்த ஆட்களைத்தான் விட்டார். அதை எத்தனையோ முறை சொல்லியும் அம்மா நம்பாமலேயே போய்ச் சேர்ந்தார். மனைவி மட்டும் புரிந்துகொண்டார். ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டர் அவர், வாய் கொஞ்சம் நீளம். "உங்க ஆளு இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்பார். கடவுளுக்கு அந்த வீட்டில் பெயர் 'உங்க ஆளு'.

இனி அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின் ரூம் சுவரில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஓர் அட்டை தொங்கும். தேதி, வேலை தொடங்கிய நேரம், வேலை முடிந்த நேரம், லிஃப்ட் விட்ட நேரம், கையெழுத்து. கடைசி இரண்டு நேரத்தையும் எதற்குத் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எல்லா மெக்கானிக்குகளும் இரண்டு கட்டத்திலும் ஒரே நேரத்தை எழுதிவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினார். முடிந்தது பத்து முப்பது, விட்டது பத்து முப்பத்திரண்டு. அந்த இரண்டு நிமிஷம் மற்றவர்களுடைய லிஃப்டை நிறுத்தி எடுத்துக்கொள்கிற நேரம் என்பது அவருக்குத் தெரியும். எழுதி வைத்துவிட்டால் திருட்டாகாது என்று மனசுக்குள் ஒரு சமாதானம். சூப்பர்வைசர் ஒவ்வொரு மாதமும் அட்டையில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம்கூடப் படித்ததில்லை.

நாற்பது கட்டடங்களில் ஒன்றில், ஆறாவது மாடியில், ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் இல்லை. டிரைவர் தமாஷ் பேர்வழி. "நான் ஜனங்களைப் பக்கவாட்டுல இழுக்கறேன், நீங்க மேலயும் கீழயும் இழுக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரே சாதிதான் அண்ணே," என்பார். ஒரு தடவை, கூரையில் இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. "நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கீங்க. அங்க வந்து யாரும் கூட்டத்துக்கு வாங்கன்னு நோட்டீஸ் கொடுக்க மாட்டான்," என்றார்.

ஒரு நாள் காலை ஏழரை மணிக்கே மெக்கானிக் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மனைவிக்கு ஒரு வருஷமாக வைத்தியம். கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, மறுபடி முளைத்து, கடைசிப் பரிசோதனையின் முடிவு அன்றைக்கு வந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு. மூணு வருஷத்துக்கு விடாம வந்து காட்டுங்க," என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மனைவி சொன்னார்.

"உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க. நானும் சொன்னேன்னு சொல்லுங்க."

பத்து முப்பத்தைந்துக்கு, டிரைவர் குடியிருந்த அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை முடிந்தது. பெட்டியை ஆறாவது மாடிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, சிவப்பு ஸ்விட்சை அழுத்திவிட்டு உட்கார்ந்தார். கம்பிவடத்தில் கையை வைத்ததும் அழுகை வந்தது. ஒரு வருஷமாக மனைவியின் முன்னால் அடக்கி வைத்த அழுகை. நன்றி சொல்ல ஆரம்பித்தார், சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது.

அப்போது தலைக்கு மேலே ஆறாம் மாடிக் கதவைத் தட்டுகிற சத்தம்.

"லிஃப்ட் எப்போங்க வரும்?" பெண் குரல். "கொஞ்சம் அவசரங்க."

லிஃப்ட் கதவைத் தட்டுகிறவர்களில் அவசரம் இல்லாதவர் யார்? நாயை உலாத்தக் கூட்டிப் போகிறவருக்கும் அவசரம்தான். கையை நீட்டினால் அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கலாம். ஸ்விட்சை இழுத்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் லிஃப்ட் ஓடியிருக்கும். அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பத்து நிமிஷம்," என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பத்து நாற்பத்தாறுக்கு, சுவரோடு இருந்த ஏணியில் நேரே மெஷின் ரூமுக்கு ஏறிப் போய் லிஃப்டை விட்டார். அங்கேயே அட்டையில் எழுதினார். முடிந்தது 10.35, விட்டது 10.46. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லையே என்று கொஞ்சம் வெட்கம், அதைவிட அதிகமாகச் சந்தோஷம். கீழே வந்தபோது வாசலில் கூட்டமாக இருந்தது. நான்கு பேர் டிரைவரைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. டீச்சர் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். இவர் ஓடிப்போய்க் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கார் போன பிறகுதான் காவலாளி சொன்னார்.

"நெஞ்சு வலியாம். கார் அப்பவே வந்து நின்னுடுச்சு. படியில தூக்கிட்டு வந்துடலாம்னு நாங்க சொன்னோம். பத்து நிமிஷத்துல லிஃப்ட் வந்துடும், குலுங்காமப் போகலாம்னு டீச்சரம்மா நாற்காலி போட்டு அவரை லிஃப்ட் முன்னாடியே உட்கார வச்சிட்டாங்க."

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதான். இந்தத் தடவை அது உண்மையாக இருந்தது.

நான்கு நாள் கழித்து சூப்பர்வைசர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மெக்கானிக்கைவிடப் பத்து வயது சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால் 'அண்ணே' என்பார், மற்ற நாளில் அதுவும் கிடையாது. அன்று வாசலிலேயே "வாங்கண்ணே" என்றார். மேசை மேல் அந்த அட்டை கிடந்தது. குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள், இன்ஷூரன்ஸ்காரர்கள் அட்டையைக் கேட்கிறார்கள். ஆகவே சூப்பர்வைசர் தன் உத்தியோகத்தில் முதல் தடவையாக அட்டையைப் படித்திருந்தார்.

"இது என்னண்ணே, முப்பத்தஞ்சுக்கு முடிச்சு நாற்பத்தாறுக்கு விட்டிருக்கீங்க?"

"ஆமா."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

"வேண்டிக்கிட்டிருந்தேன்."

சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "எல்லா மாசமும் ரெண்டு ரெண்டு நிமிஷம் இடிக்குதே, அதுவுமா?"

"அதுவும்தான்."

"எங்க வச்சு?"

"கூரை மேல."

சூப்பர்வைசர் அந்தப் பிரார்த்தனைக் கூடத்தில் முக்கியஸ்தர். முன்வரிசையில் உட்காருகிறவர். "அதுக்குத்தானே அண்ணே ஊருக்கு நடுவுல கூடம் கட்டி வச்சிருக்கோம்," என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒரு வெற்று அட்டையை எடுத்து வைத்தார். வருஷம் முழுக்க இருக்கிற வரிகளை அப்படியே இதில் எழுத வேண்டும். ஒரே ஒரு மாற்றம்தான். கடைசி இரண்டு கட்டத்திலும் எல்லா மாதமும் ஒரே நேரம் இருக்க வேண்டும். சம்பவத்தன்று வேலை முடிந்தது பத்து நாற்பத்தாறு. பழைய அட்டையை அவர் பார்த்துக்கொள்வார்.

"அந்த ஒரு நாளை மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மத்த மாசமெல்லாம் இடிச்சா இந்த மாசம் மட்டும் ஏன் இடிக்கலைன்னு இன்ஷூரன்ஸ்காரன் கேட்பான். எல்லாத்தையும் எடுத்துடுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணிக்கு இன்னும் மூணு வருஷம் பார்க்கணும் இல்ல? கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்தாத்தானே அது நடக்கும். மனசு கஷ்டமா இருந்தா ஒரு நாள் கூடத்துக்கு வாங்க. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா பாரம் இறங்கிடும். ரெண்டே நிமிஷ வேலை."

பாரத்தை இறக்கி வைக்க ஆள் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று அன்றைக்குத்தான் இவருக்குத் தோன்றியது. நடுவில் ஆளே வேண்டாம் என்று வந்துவிட்டவருக்கு, 'போ, மன்னித்தேன்' என்று சொல்லவும் ஆள் கிடையாது. அந்தத் தலைவர் வாயால் வருகிற மன்னிப்பில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி, வெற்று அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி முழுவதையும் கேட்டார். டிரைவர் இறந்தது தெரியும், லிஃப்ட் சமாசாரம் தெரியாது. "அன்னைக்கு ஏன் அவ்வளவு நேரம்?" என்றார். "எனக்காகவா?"

"இல்ல," என்றார் இவர். "வேற விஷயம்."

அதுதான் முதல் பொய். மனைவி நம்பியது போலத் தலையை ஆட்டினார். நம்பினாரா என்பது வேறு விஷயம்.

"எழுதிக் கொடுத்துடுங்க," என்றார் பிறகு. "போன மனுஷன் திரும்பியா வரப்போறாரு? நடந்தது உங்க ஆளுக்குத் தெரியும்ல? அப்புறம் அட்டைக்கு எதுக்குத் தெரியணும்?"

காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வரியிலும் இருந்த இரண்டு நிமிஷம் போயிற்று. மனைவிக்குக் கட்டி என்று தெரிந்த மாதம், எடுத்த மாதம், மருந்து ஏற்றத் தொடங்கிய மாதம், முடி கொட்டியபோது இவர் பயந்துபோய்க் கடவுளிடம் பேசிய மாதம். எல்லாம் போய், இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணாக நின்றது. கையெழுத்து மட்டும் அவருடையது. சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கையெழுத்துண்ணே உங்களுக்கு," என்றார்.

அடுத்த வாரம் காவலாளி போன் செய்தார். டீச்சரம்மா பார்க்க வேண்டும் என்கிறாராம். இவர் லிஃப்டில் போகவில்லை. மாடிக்குப் பதினேழு படி, ஆறு மாடியும் ஏறினார். லிஃப்ட் கதவுக்கு எதிரே அந்த நாற்காலி இன்னும் கிடந்தது, யாரும் உள்ளே எடுத்துப் போகவில்லை.

டீச்சர் வீட்டு மேசையில் திருத்தாத நோட்டுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. டிரைவரின் சீருடைச் சட்டை கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்கியது. டீச்சர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லண்ணே. சங்கத்துல புகார் கொடுத்ததும் நான் இல்ல," என்றார். "நீங்க சொன்ன மாதிரியே பத்து நிமிஷத்துல விட்டுட்டீங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பள்ளிக்கூடப் பழக்கம், போகாது. சொன்ன வாக்குத் தவறல நீங்க."

இவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்கணும். நான் கதவைத் தட்டினப்போ வேலை பாதியில இருந்துச்சா, முடிஞ்சு போச்சா?"

"எதுக்கும்மா கேட்கறீங்க?"

"கீழ கார் நிக்குது. தூக்கறதுக்கு ஆளுங்க வந்துட்டாங்க. நான்தான் வேண்டாம்னு உட்கார வச்சேன். நீங்க குரல் கொடுத்தீங்களா, அதை நம்பிட்டேன். வேலை முடிஞ்சிருந்து லிஃப்ட் சும்மா நின்னிருந்தா, அது வேற யாரோ பண்ணின தப்பு. உங்களைத் திட்டி அழுதுட்டு நான் தூங்கிடுவேன். மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கற நேரத்துல உங்களால என்ன பண்ண முடியும்? அப்போ முடிவு எடுத்தது நான்தான். எனக்கு எதுன்னு தெரியணும்ணே. தினம் இதே நினைப்பாக் கிடக்கேன்."

அவ்வளவு தெளிவாகக் கேட்டார். கணக்குப் பாடம் எடுக்கிறவர் போல, இரண்டே விடை, இதுவா அதுவா. எதிரே உட்கார்ந்திருந்த இந்த மனிதருக்கு உண்மையைச் சொல்லிவிடத்தான் தோன்றியது. நான்தான் அம்மா, என் மனைவி பிழைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் கன்னத்தில் அறைந்திருப்பார், வேலை போயிருக்கும், அட்டை மாற்றியது வெளியே வந்திருக்கும், மெடிக்கல் கார்டும் போயிருக்கும். மூன்று வருஷம் என்று டாக்டர் சொன்னது காதில் கேட்டது.

"வேலை நடந்துக்கிட்டிருந்துச்சும்மா," என்றார். "நாற்பத்தாறுக்குத்தான் முடிஞ்சுது. அட்டையில இருக்கு."

டீச்சர் தலையை மெல்ல ஆட்டினார். "அப்போ நான்தான்," என்றார்.

குழந்தைக்கு விடை திருத்திக் கொடுத்தது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். இவர் எழுந்துகொண்டார். கதவு வரைக்கும் வந்த டீச்சர் அங்கே நிறுத்தினார்.

"அவர் உங்களைப் பத்திச் சொல்லியிருக்காருண்ணே. நீங்க எந்தக் கூட்டத்துலயும் சேராம, தனியா கடவுள்கிட்ட பேசுவீங்களாமே. கூடத்துல இருந்து வந்தாங்க. கடவுள் சித்தம்னு சொல்லிட்டு, டீ குடிச்சுட்டுப் போனாங்க. கடவுள் எப்போ இவங்ககிட்ட வந்து சித்தத்தைச் சொன்னாருன்னு தெரியல. எனக்கு அவங்க வேண்டாம். நீங்க எனக்காக ஒரு வார்த்தை கேளுங்க. நான் உட்கார வச்சதை மன்னிச்சுடச் சொல்லுங்க."

"சரிம்மா."

"இப்பவே கேளுங்களேன். நான் பக்கத்துல நிக்கறேன்."

லிஃப்ட் கதவுக்கு எதிரே, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். டீச்சர் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இவரும் மூடினார். பத்தொன்பது வருஷமாகக் கண்ணை மூடினால் எதிரே ஒருவர் இருந்தார். இப்போது எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. தான் செய்யாத தப்புக்கு இந்த அம்மாள் மன்னிப்புக் கேட்கிறாள், மன்னித்துவிடு என்று கேட்பதா? செய்தவன் நான், ஆனால் அவளிடம் சொல்லிவிடாதே என்று கேட்பதா? மனசுக்குள் ஒரு சொல்லும் வரவில்லை. போதுமான நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியதும் கண்ணைத் திறந்து, "கேட்டுட்டேன்மா," என்றார்.

"என்ன சொன்னாரு?"

தமாஷாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். இதே கேள்வியை வீட்டில் மனைவி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"மன்னிச்சுட்டாரும்மா," என்றார் இவர்.

படி இறங்கும்போது மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். படி ஏறி வருவதும் பக்திதான் என்று சொன்ன அந்தத் தலைவரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடவுளின் பெயரைச் சொல்லி லிஃப்டைப் பூட்டி வைத்தவர் என்று பத்தொன்பது வருஷம் அந்த ஆளை வெறுத்தாயிற்று. கடவுள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறவர்கள் என்று கூடத்துக்காரர்களையும் வெறுத்தாயிற்று. இரண்டையும் தானே செய்தாயிற்று, அதுவும் ஒரே கட்டடத்தில். திட்டுவதற்கு இனி வேறு யாரும் மிச்சமில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சங்கத்தின் புகார் தள்ளுபடியானது. மனைவிக்குத் தலைமுடி காது வரைக்கும் வளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் "உங்க ஆளு என்ன சொன்னாரு?" என்று அவர் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்று இவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அந்தக் கட்டடத்துக்குச் சர்வீஸ் நாள் வந்தது. தண்டவாளங்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பத்து முப்பத்தெட்டுக்கு வேலை முடிந்தது. பெட்டி ஆறாவது மாடிக்குச் சற்றுக் கீழே நின்றது. பழக்கத்தில் சிவப்பு ஸ்விட்சின் மேல் விரல் போயிற்று. மேலே கதவைத் தட்டினார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே?" டீச்சரின் குரல். வெளியே எங்கோ கிளம்பியிருக்க வேண்டும்.

"முடிஞ்சுதும்மா," என்றார்.

விரலை எடுத்துக்கொண்டு, உட்காராமல் கூரையிலிருந்து வெளியே வந்து லிஃப்டை விட்டார். டீச்சர் அதில் ஏறிக் கீழே போனார். இவர் மெஷின் ரூமுக்குப் போய் அட்டையை எடுத்தார். வேலை முடிந்த நேரம் 10.38. லிஃப்ட் விட்ட நேரம் 10.38. கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே இருந்த வரிகளைப் பார்த்தார். எல்லா வரியிலும் இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம்தான். இந்தக் கடைசி வரி மட்டும் உண்மை.